தொட்டி மட்டும் நம்ம ஊர்ல

போன ஞாயித்துக்கிழமை அம்பத்தூர்லேர்ந்து மாமா போன். "மாப்ள, ஐரோப்பாவுலேர்ந்து ஹைட்ராலிக் ராடு கேட்டிருக்காங்கடா. ஹார்ட் குரோம் போட்டு அனுப்பணுமாம்!" குரல்ல அவ்ளோ சந்தோஷம். ஆஹென்ல உக்காந்து கோட்டிங் பத்தியே மாஸ்டர்ஸ் படிக்கிற எனக்குத்தான் சந்தோஷப்பட முடியலை.

ராடு தேயாம, துருப்பிடிக்காம இருக்க மேல சில பத்து மைக்ரான் குரோமியம் ஏத்துவாங்க. பளபளன்னு இருக்கிற அந்தக் குரோமியத்தால் ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் தொட்டியில். அதிலிருக்கிற குரோமிக் அமிலம், ஹெக்ஸாவேலண்ட் வகை, புற்றுநோய் தருவது. கரண்ட் பாயும்போது குமிழி வெடிச்சு பனி மாதிரி மேல கிளம்பும். வருஷக்கணக்கா சுவாசிச்சா மூக்குத் தண்டில் புண் வந்து ஓட்டையே விழலாம். மாமா பட்டறையில் தொட்டிக்கிட்ட நின்ன அண்ணன் எப்பவும் மூக்கை உறிஞ்சிட்டே இருப்பார். சின்ன வயசுல நாங்க கிண்டல் பண்ணுவோம். இப்ப நினைச்சா கூசுது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி வாங்காமல் இந்தத் தொட்டியை ஓட்ட முடியாது. நல்ல சட்டம்தான். அதே வருஷம் இங்க ஆஹென் ஃபிரான்ஹோஃபர் லேசர் ஆய்வகத்துக்காரர்கள் 'எஹ்லா' என்ற முறைக்காகப் பரிசு வாங்கினார்கள். உலோகப் பொடி ராடைத் தொடுறதுக்கு முன்னாடியே லேசர் கற்றையில் உருகிடும். பழைய லேசர் முறை நிமிஷத்துக்கு ஓரிரு மீட்டர் நகர்ந்தா பெரிசு. இது 500 மீட்டர் வரைக்கும் போகும். 25 மைக்ரான் அளவுக்கு மெல்லிசா போடலாம். அமிலமே கிடையாது.

ஆனா சட்டத்துல ஒரு சந்து இருக்கு. அது தடுப்பது ஐரோப்பாவுக்குள் அந்த ரசாயனத்தைப் பயன்படுத்துவதை. வெளியே முலாம் போட்டு வர்ற ராடில் மிஞ்சியிருப்பது வெறும் உலோகக் குரோமியம், அதனால அனுமதிக் கேள்வியே எழாது. ராடு இங்க, தொட்டி அங்க. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990-களின் நடுவில் மூடினப்போ ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுட்டுப் போச்சு, நிலத்தடி நீர் வரைக்கும் நாசம். அதுக்கப்புறமும் நாம இந்த ஆர்டருக்குக் கைதட்டணுமா?

இறக்குமதியாகிற இரும்புக்கு எவ்வளவு கார்பன் ஆச்சுன்னு 2023 அக்டோபர்லேர்ந்து கணக்குக் கேட்கிறவங்க, ராடு எந்தத் தொட்டியிலிருந்து வந்ததுன்னும் கேட்கட்டும். கேட்டுட்டு, அதுக்கான விலையையும் கொடுக்கட்டும். மலிவா வேணும், சுத்தமாவும் வேணும்னா எப்படி சாமி?

மாமாகிட்ட லேசர் பத்திச் சொன்னேன். "என்ன விலைடா?"ன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி, சாப்டியா?"