நிதாரி: கொலைகள் உண்டு, கொலையாளி இல்லை

புது தில்லி: தலைநகரை ஒட்டியுள்ள நொய்டாவின் 31-வது செக்டாரில், டி-5 என்ற எண்ணுள்ள வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து 2006 டிசம்பர் 29-ம் தேதி எலும்புகள் எடுக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. நிதாரி கிராமத்திலிருந்து காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 நவம்பர் 11-ம் தேதி, அந்த வீட்டின் பணியாளர் மீது எஞ்சியிருந்த கடைசித் தண்டனையையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டு உரிமையாளர் 2023-லேயே விடுதலையாகிவிட்டார். சட்டத்தின் பார்வையில், அந்தக் குழந்தைகளைக் கொன்றவர் என்று இன்று எவரும் இல்லை.

விடுதலையான பணியாளரின் மரண தண்டனையை உறுதி செய்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான். அது 2011 பிப்ரவரியில். 2014 செப்டம்பரில் தூக்கிலிடுவதற்காக அவர் மீரட் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நள்ளிரவில் நீதிபதிகள் பிறப்பித்த ஒரு வாரத் தடையால் உயிர் தப்பினார். அடுத்த மாதமே அவரது சீராய்வு மனு தள்ளுபடியானது. 2015 ஜனவரியில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணை மனு மீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட தாமதமே அதற்குக் காரணம். அரசு அலுவலகங்களின் மெத்தனம் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. சாட்சியங்களின் பலவீனம் அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பலவீனம் வெளிப்பட்டது 2023 அக்டோபர் 16-ம் தேதி. மற்ற 12 வழக்குகளில் அவரை விடுவித்த அலாகாபாத் உயர் நீதிமன்றம், வழக்கின் இரு தூண்களையும் ஏற்க மறுத்தது. முதலாவது, ஒப்புதல் வாக்குமூலம். சுமார் 60 நாள்கள் காவலில் வைக்கப்பட்டு, முறையான சட்ட உதவியும் இன்றி அளிக்கப்பட்டது அது. இரண்டாவது, அவர் காட்டிய இடத்தில் எலும்புகள் கிடைத்தன என்ற வாதம். அந்த இடத்தில் எலும்புகள் கிடப்பது ஊராருக்கும் போலீஸாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. உடல் உறுப்பு வர்த்தகக் கோணத்தை விசாரிக்க வேண்டும் என்று மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைத்த குழு கூறியிருந்தும் அது கண்டுகொள்ளப்படவில்லை. விசாரணை நடந்த விதம் பொதுமக்களின் நம்பிக்கைக்குச் செய்த துரோகம் என்றே உயர் நீதிமன்றம் கருதியது. சிபிஐயின் மேல்முறையீடுகளை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரே வகைச் சாட்சியத்தை வைத்து 12 வழக்குகளில் நிரபராதி, ஒரு வழக்கில் குற்றவாளி என்ற முரண்பாடு நீடிக்க முடியாது என்ற நிலையில்தான் மறுசீராய்வு மனு ஏற்கப்பட்டது. உண்மைக் குற்றவாளி யார் என்பது சட்டப்படி நிறுவப்படாமல் போனதற்கு நீதிபதிகள் அத்தீர்ப்பிலேயே வருத்தம் தெரிவித்தனர்.

திரையும் தீர்ப்பும்: பழைய கொலைகளை மீண்டும் புரட்டிப் பார்க்கும் நூல்களுக்கும் ஆவணப் படங்களுக்கும் இப்போது நல்ல வரவேற்பு. அதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் விடுவித்து 11 மாதங்களுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் வெளியான 'செக்டார் 36' என்ற ஹிந்திப் படம், நிதாரியை நினைவூட்டும் கதையில் வீட்டுப் பணியாளரைத் தொடர் கொலைகாரராகவே காட்டியது. தீர்ப்பைப் படித்தவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்களே அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே நொய்டாவில் 2008 மே மாதம் நடந்த ஆருஷி, ஹேமராஜ் கொலை வழக்கில் நேர்மாறாக நடந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2010-ல் சிபிஐயே வழக்கை முடிக்கக் கோரியும், சிறுமியின் பெற்றோருக்கு 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. வேறொருவர் அறையில் எடுத்த தலையணை உறையில் ஹேமராஜின் மரபணு இருந்ததாக ஹைதராபாத் ஆய்வகம் அளித்த அறிக்கை, பின்னர் தட்டச்சுப் பிழை எனத் திருத்தப்பட்டது. இத்தகைய ஓட்டைகளை, விசாரணையை நீதிமன்றத்தில் நேரில் கவனித்த பத்திரிகையாளர் அவிரூக் சென் 2015-ல் நூலாக எழுதினார். மேக்னா குல்சார் இயக்கிய 'தல்வார்' படமும் அதே ஆண்டு வந்தது. 2017 அக்டோபரில் பெற்றோரை விடுவித்த உயர் நீதிமன்றம், விசாரணை நீதிபதி ஒரு திரைப்பட இயக்குநரைப் போலச் செயல்பட்டதாகக் கண்டித்தது. நூலும் படமும் தீர்ப்பை மாற்றின என்று கூற முடியாது. ஆனால் பொதுமக்களின் சந்தேகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அவை மாற்றின. நிதாரிப் பணியாளருக்கு அப்படிப்பட்ட வாசகர்கள் வாய்க்கவில்லை. ஆங்கிலம் படித்த மருத்துவத் தம்பதிக்குக் கிடைத்த அனுதாபம், எஜமானர் வீட்டில் சமையல் செய்தவருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

ஆயிரம் ரூபாய் இழப்பீடு: தவறான வழக்கில் சிறை வைக்கப்படுவோருக்கு என்ன பரிகாரம் என்று ஆராயுமாறு 2017 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அதையடுத்து சட்ட ஆணையம் தனது 277-வது அறிக்கையை 2018 ஆகஸ்டில் அளித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தனி அத்தியாயம், இழப்பீடு வழங்கத் தனி நீதிமன்றங்கள் என்பன அதன் பரிந்துரைகள்.

அவற்றை நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு வாய்ப்பு வந்தது. நிதாரித் தீர்ப்பு வெளியாகி இரண்டே மாதங்களில், 2023 டிசம்பரில், மூன்று புதிய குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். காலனி ஆட்சிச் சட்டங்களுக்கு விடை கொடுப்பதாக அரசு பெருமிதம் கொண்டது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவில் சட்ட ஆணையம் கேட்ட அத்தியாயம் இல்லை. காரணமின்றிக் கைது செய்யப்பட்டவருக்கான இழப்பீட்டு உச்சவரம்பு பழைய சட்டத்தில் 1,000 ரூபாய். புதிய சட்டத்தின் 399-வது பிரிவிலும் அதே 1,000 ரூபாய்.

உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ ரிட் மனுவுடன் அணுகலாமே என்பது வழக்கமான பதில். விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-ல் 50 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மை. அதற்கு அவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது. அவர் நாடறிந்த விஞ்ஞானியும்கூட.

சட்ட ஆணையத்தின் பரிந்துரையிலும் ஓர் இடைவெளி உண்டு. விசாரணை அமைப்பு கெட்ட எண்ணத்துடன் செயல்பட்டிருந்தால்தான் அது பொருந்தும். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில், மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலை 15-ம் தேதி விடுவித்த உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. நெடுங்காலம் சிறையிலிருந்து நிரபராதியாக வெளிவருவோருக்கான இழப்பீடு குறித்து முடிவெடுக்க வேண்டியது சட்டமியற்றும் அவையே என்றும் கூறியது. மரண தண்டனையிலிருந்து விடுதலையான சிலர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த மனுவில், அட்டர்னி ஜெனரலின் உதவியை அதே ஆண்டு நீதிமன்றம் கோரியது.

இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த வாசலும் இல்லை. விடுதலைத் தீர்ப்புகள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, தவறிழைத்த விசாரணை அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று குஜராத் சிறுமி கொலை வழக்கொன்றில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிலும்கூட அதிகாரியின் தவறுதான் ஆராயப்படும். விடுதலைக்குப் பிறகு உண்மைக் கொலையாளியைத் தேடியே தீர வேண்டும் என்று விசாரணை அமைப்பைக் கட்டாயப்படுத்தும் பிரிவு பழைய சட்டத்திலும் இல்லை. புதிய சட்டத்திலும் இல்லை.