தோட்டத்தில் கன்டெய்னர் வைத்துக் குடியிருக்கலாமா?

கேள்வி: ''எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். ஊரில் இருந்து 4 கிலோமீட்டர். 18 ஆடு, 2 கறவை மாடு இருக்கின்றன. ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லாமல் போன மாதம் 3 ஆடு களவு போய்விட்டது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பழைய 20 அடி கன்டெய்னர் ஒன்றை வாங்கித் தோட்டத்தில் வைத்து, அங்கேயே குடியேறலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 74 வயது அம்மா என மூன்று பேர். 1,40,000 ரூபாய் விலை சொல்கிறார்கள். நிலம் அண்ணன் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. பெட்டிதானே, பிரச்னை வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பது எங்கள் எண்ணம். சரிதானா?''
- ஒட்டன்சத்திரம் வட்டார வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: பெட்டியைத் தூக்கிவிடலாம். அதற்காகத் தோண்டும் கழிப்பறைக் குழியையும், வாங்கும் மின் இணைப்பையும், மேலே போடும் கூரையையும் தூக்க முடியாது. செலவும் சரி, தகராறும் சரி, அங்கேதான் வரும். அதனால், பெட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகப் பட்டாவைப் பார்க்க வேண்டும்.

கூட்டுப் பட்டாவில் யார் எந்தப் பக்கம் என்பது வாய்ப்பேச்சாக இருக்கும்வரை, இன்று சம்மதிக்கும் அண்ணன் நாளை மகன் பேச்சைக் கேட்டு மறுக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது நல்லது. அதற்குக் காலம் ஆகும் என்றால், பெட்டி வைக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, அண்ணனிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளவும். மின் இணைப்புக்குப் போகும்போது எப்படியும் கூட்டுதாரர் சம்மதம் கேட்பார்கள்.

'இரும்புப் பெட்டிக்கு அனுமதியே வேண்டாம்' என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஊராட்சிச் சட்டத்தில் கட்டடம் என்ற சொல் குடிசை, கொட்டகையையும் சேர்த்தே பேசுகிறது. எந்தப் பொருளால் ஆனது என்று அது பார்ப்பதில்லை. ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதே பாதுகாப்பு. வீட்டு வரி ரசீது கிடைத்துவிட்டால் ரேஷன் அட்டை முகவரி மாற்றத்துக்கும் அது உதவும்.

சினிமா படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் மாதிரி ஒரு வண்டியை நிறுத்திக் குடியிருந்தால் போதாதா என்றும் சிலருக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் பலர் அப்படி வாழ்கிறார்கள். அங்கேயும் பல மாவட்டங்களில், சொந்த நிலமே ஆனாலும், வருடம் முழுக்க வண்டியில் குடியிருக்கக் கட்டுப்பாடு உண்டு. இங்கே ஆர்.சி., இன்சூரன்ஸ், டயர் என்று வேறு செலவுகள் சேரும். ஓடாமல் நிற்கப்போகும் வண்டிக்கு அது வீண்.

இனி வெயில். 74 வயது அம்மாவை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய விஷயம். திண்டுக்கல் பக்கம் சித்திரைத் தொடக்கத்தில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அந்த வெயில் முழுக்கப் பெட்டியின் கூரையில் இறங்கும். வெறும் இரும்புப் பெட்டிக்குள் பகலில் வயதானவர்கள் இருப்பது உயிருக்கே ஆபத்து. உள்ளே ஃபேன் போட்டால் சூடான காற்றுதான் சுற்றும். பெட்டிக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு இரண்டாவது கூரை போட வேண்டும். கீற்று குளிர்ச்சி தரும், ஆனால், தீப்பிடிக்கும். தகரம் என்றால் மேலே வெள்ளை அடிக்கவும். நான்கு பக்கமும் நாலடி வெளியே நீண்டிருந்தால் சுவரிலும் வெயில் படாது, உட்காரத் திண்ணையும் கிடைக்கும். பெட்டியின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். வேப்ப மரம் மேற்கே இருந்தால் அதிர்ஷ்டம். தென்னைக்கு அடியில் வைக்கவே கூடாது.

எதிரெதிர்ப் பக்கங்களில் ஜன்னல் அவசியம். வளைவு வளைவான அந்தத் தகரச் சுவரும் பெட்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அதை வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றிச் சதுரக் குழாயில் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இன்னொன்று, கன்டெய்னரின் பெரிய கதவுகளை வெளியில் இருந்துதான் பூட்டித் திறக்க முடியும். உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது சும்மா தாழ் போட்டாலே மாட்டிக்கொள்வார்கள். உள்ளிருந்து திறக்கும் தனிக் கதவு இல்லாமல் ஒரு ராத்திரிகூட அதில் படுக்கக் கூடாது. சமையலையும் கேஸ் சிலிண்டரையும் வெளித் திண்ணைக்குக் கொண்டு போய்விடவும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது. பெட்டியின் தரையிலேயே தங்கிவிடும்.

தரைப் பலகையும் கவனிக்க வேண்டியது. கப்பலில் பூச்சி வராமல் இருக்க அந்தப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் உள்ள தகட்டில் மருந்தின் பெயர் இருக்கும். பலகையை எடுத்துவிட்டு சிமென்ட் போர்டு போடலாம், அல்லது எபாக்ஸி பெயின்ட் இரண்டு கோட் அடித்து மூடலாம். முன்பு அதில் ரசாயனம் ஏற்றினார்களா என்று கேட்கவும். உள்ளே மூக்கை உறுத்தும் வாடை அடித்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

காலிப் பெட்டியே 2 டன்னுக்கு மேல் எடை. லாரியும் ஹைட்ரா கிரேனும் தோட்டத்துக்குள் வர வேண்டும். வண்டிப்பாதையின் அகலத்தையும், குறுக்கே போகும் மின்கம்பியின் உயரத்தையும் முதலிலேயே பார்த்துவிடவும். ஈரம் காயாத நிலத்தில் கிரேன் புதைந்தால் அதைத் தூக்க இன்னொரு கிரேன் கேட்கும். நான்கு மூலைகளிலும் கான்கிரீட் கால் ஊன்றி, தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் உட்கார வைத்தால் துரு ஏறாது, அடியில் பெருக்கவும் முடியும். அம்மாவுக்கு அகலமான படியும் கைப்பிடியும் வேண்டும்.

மோட்டாருக்கான இலவச மின்சாரத்தில் இருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்கவே கூடாது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அது முறைகேடான உபயோகம். உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். வீட்டு இணைப்பு தனியாக வாங்கவும். அது வரும்வரை சிறிய சோலார் பேனலும் பேட்டரியும் போதும். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். எந்த மின்சாரமானாலும், பெட்டியின் உடம்புக்கு எர்த் கொடுத்து, ஆர்.சி.சி.பி. மாட்டாமல் ஸ்விட்ச் போடக் கூடாது. ஒரு ஒயர் உரசினால் வீடு முழுக்க மின்சாரம்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை போதும். கிணறு, போர்வெல்லில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைக்கவும். வீட்டில் கழிப்பறை இல்லாத, தகுதியுள்ள குடும்பங்களுக்குத் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் தரப்படுகிறது, ஊராட்சியில் விசாரிக்கலாம்.

இத்தனையையும் கூட்டினால் 1,40,000 ரூபாய் என்பது தொடக்கம்தான். கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால், ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காவல் கொட்டகை போட்டு இரவில் மட்டும் ஒருவர் படுப்பது, நிலம் பிரியும்வரை தாக்குப்பிடிக்கும். ஆடு களவு பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டதா என்பதையும் பார்க்கவும்.

கன்டெய்னர்தான் என்று முடிவானால், விற்பவரின் யார்டுக்கு மதியம் 2 மணிக்குப் போகவும். காலையில் வரச் சொல்வார்கள், போக வேண்டாம். பெரிய கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உள்ளே கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், மேல்கூரைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.