சோதிக்காத குழல்



என்னிடம் படித்த பையன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். துப்பாக்கி சுடும் பயிற்சி மைதானத்தில் கரிமருந்துக் கைத்துப்பாக்கி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறான். 1849-இல் வந்த கோல்ட் மாடலின் நகல். குழல் நம் சுண்டுவிரல்கூட நுழையாத அளவு. "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு சார்" என்றான்.

அந்த விளையாட்டுச் சாமானுக்கு அவன் காட்டிய மரியாதையைத்தான் நான் கவனித்தேன். மருந்தை அளவுக் குப்பியில் அளந்தான்; ஒரு கிராமுக்கு மேல் இல்லை. அதன்மேல் ஈயக்குண்டு. குண்டின்மேல் கொழுப்பு, ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்க. கேப் வெடித்தும் குண்டு கிளம்பாவிட்டால், குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். முடிந்ததும் வெந்நீரில் கழுவுகிறார்கள். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 சேர்ந்ததுதான் கரிமருந்து. எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் கசடாகவும் புகைத்தூளாகவும் மிஞ்சும். குழலில் ஒட்டும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும்.

இதே கரிமருந்துதான் நம் மலையடிவாரத்தில் கள்ளத்தனமாக வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியிலும் போகிறது. அங்கே மருந்து கைக்கணக்கு. குழல் எந்த இரும்பு என்று அடித்தவனுக்கே தெரியாது. இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1813-இலேயே துப்பாக்கிக் குழலைச் சோதிக்கத் தனி நிலையம் வைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்தினார்கள். நம் பக்கம் அந்தச் சோதனை சுடுகிறவன் முகத்துக்கு நேராகவே நடக்கிறது. குழல் தாங்காவிட்டால் போவது கையும் கண்ணும்.

"பன்றி ஒரே ராத்திரியில் கடலைக்காட்டைக் கிண்டிப் போட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்ய, பழுது பார்க்க, சோதித்துப் பார்க்கக்கூட உரிமம் வேண்டும். பயிர்க்காவலுக்காக முன்வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த உரிமம் பயிரைக் காக்கத்தான். வேட்டைக்கு அது அனுமதி ஆகாது.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மலையை ஒட்டிய தோட்டங்கள் பல அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கின்றன. அந்தச் சம்சாரிக்கு அலையவிடாத நஷ்டஈடும் வேலிக்கு உதவியும் கிடைத்தால்தான் கள்ளத் துப்பாக்கி தேடும் எண்ணம் போகும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஊரோடு சேர்ந்து மனுக் கொடுங்கள். சேதத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், "வேலை செய்யுதா" என்று மருந்து இடித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே பழைய மருந்தே இருக்கலாம். பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் இதைப் பேசுங்கள்.