கார் இங்கே, போன் இங்கே... நடுவுல என்ன பிரச்னை? ப்ளக்-இன் ஹைபிரிட் ஆப்கள் சொல்லும் பாடம்!

இங்கிலாந்தில் ஒரு ஜனவரி மாதக் காலை. வாசலில் நிற்கும் காரின் கண்ணாடி முழுக்கப் பனி உறைஞ்சு கிடக்கு. சமையலறையில் டீ குடிச்சுக்கிட்டே போனில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், காருக்குள்ளே ஹீட்டர் ஓட ஆரம்பிச்சிடும். ஆப் தரும் வாக்குறுதி இதுதான். நிஜத்தில் என்ன நடக்குது? திரையில் ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. கார் கனெக்ட் ஆகவே இல்லை. கடைசியில் கோட்டை மாட்டிக்கிட்டு வெளியே போய்ப் பனியைச் சுரண்ட வேண்டியதுதான்.

மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிஹெச்இவி வைத்திருக்கும் பலருக்கு இது பழகிப்போன காட்சி. ஜப்பானில் 2013-லும், பிரிட்டனில் 2014-லும் விற்பனைக்கு வந்த ப்ளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி இது. பெட்ரோல் இன்ஜினும் உண்டு, வீட்டு ப்ளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு. ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்ட கார்!

ஆப் இல்லாட்டி என்ன குறை?

இந்த வகை காருக்கு ஆப் வெறும் பந்தா இல்லை. பிரிட்டனில் இரவில் மின் கட்டணம் குறையும் திட்டங்கள் உண்டு. அந்த நேரம் பார்த்து சார்ஜ் ஏறணும். கார் ப்ளக்கில் இருக்கும்போதே ஹீட்டரை ஓடவிட்டால், பேட்டரியில் சேர்த்த சார்ஜ் பயணத்துக்கு மிச்சமாகும். இந்த இரண்டையும் போனிலிருந்து செய்யத்தான் ஆப். அது மக்கர் பண்ணினால் நேரடியாகக் காசு போகுது.

சரி, ஏன் மக்கர் பண்ணுது?

பெரும்பாலான கனெக்டட் கார்களில் ஒரு சிம் இருக்கும். போனில் நீங்க கொடுக்கும் கட்டளை கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்கு வரும். அன்றைய அவுட்லேண்டர் வேறு வழியில் போனது. காரே ஒரு வைஃபையை உருவாக்கும். போன் நேராக அதில் சேர்ந்துகொள்ளும். சிம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். ஐடியா சூப்பர்தான்.

ஆனா, அந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. நம்ம ஸ்மார்ட்போனோ ரொம்ப சாமர்த்தியசாலி. 'இதுல நெட் வரலையே' என்று கண்டுபிடித்து, நமக்கு உதவுறதா நினைச்சு சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். ஆப் அனுப்பும் கட்டளை காருக்குப் போகாமல் எங்கோ தொலைஞ்சிடும். மொபைல் டேட்டாவைக் கொஞ்ச நேரம் அணைத்துவைப்பதுதான் எளிய வைத்தியம். ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-க்குப் பிறகு இன்னொரு வாசலும் சேர்ந்தது. பக்கத்தில் உள்ள கருவியோடு பேச 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கும். யோசிக்காமல் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால், அதோடு கதை முடிஞ்சது.

இதைவிடப் பெரிய தலைவலி 2016 ஜூனில் வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இந்த வைஃபையின் பாஸ்வேர்டு ரொம்பச் சின்னது என்று அம்பலப்படுத்தியது. அதை உடைத்து உள்ளே போய், விளக்குகளை எரியவைத்தார்கள். திருட்டைத் தடுக்கும் அலாரத்தையே அணைத்துக் காட்டினார்கள். சரிசெய்யும் வரை வைஃபையை முடக்கி வையுங்கள் என்று மிட்சுபிஷியே சொல்ல வேண்டியதாயிற்று. அதாவது, பாதுகாப்பு வேணும்னா ஆப்பை மறந்துடுங்க!

சிம் இருந்தா தப்பிச்சோமா?

அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை மூடியபோது, அதை நம்பியிருந்த பல கார்களின் ஆப் வசதிகள் செத்துப்போயின. பிரிட்டனில் 2016-க்கு முன் தயாரான நிசான் லீஃப் மின்சார கார்களுக்கான ஆப் சேவை 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த கார்கள் 2ஜி-யை நம்பியிருந்தன. இத்தனைக்கும் பிரிட்டனில் 2ஜி-யை முழுசா மூட 2033 வரை அவகாசம் இருந்தது. கார்களுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் ஓடின. போனோடு இருந்த உறவு மட்டும் அறுந்துபோச்சு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. லீஃபில் சார்ஜ் டைமரையும் ஹீட்டர் டைமரையும் காரின் திரையிலேயே செட் பண்ண முடிந்தது. காருக்குள்ளே இருந்த வசதி பிழைத்தது. வெளியே சர்வரை நம்பியிருந்த வசதிதான் போனது.

சிக்கலின் வேர் இதுதான். ஒரு காரைப் பத்து, பதினைந்து வருஷம் ஓட்டுவோம். போனை மூணு, நாலு வருஷத்தில் மாத்திடுவோம். ஆப்பின் ஆயுளோ கம்பெனியின் கையில். இந்த மூணும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. முழு விலை கொடுத்து காரை வாங்குறோம். ஆப்பை மட்டும் கடனாகத்தான் வாங்குறோம். அது கடன் என்று ஷோரூமில் யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை.

நம்ம ஊரில் ப்ளக்-இன் ஹைபிரிட் கார்கள் அபூர்வம்தான். ஆனா, கனெக்டட் கார்கள் 2019-லிருந்தே தெருவுக்கு வந்தாச்சு. அந்த வருஷம் வந்த ஹூண்டாய் வென்யூவில் ப்ளூலிங்க் சேவை மூணு வருஷம் இலவசம் என்றார்கள். ஏர்டெல் தன் 3ஜி-யை 2020-லேயே மூடிவிட்டது. அதனால், அடுத்த முறை ஷோரூம் போகும்போது இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

* ஆப் சேவை எத்தனை வருஷம் இலவசம், அதுக்கப்புறம் எவ்வளவு?
* காரில் இருப்பது எந்தத் தலைமுறை சிம்? நெட்வொர்க் மாறினால் மாத்தித் தருவீங்களா?
* ஆப் இல்லாமலே இதையெல்லாம் காரின் திரையில் செய்ய முடியுமா?
* செகண்ட் ஹேண்ட் கார் என்றால், பழைய ஓனரின் கணக்கை நீக்கியாச்சா?

மூணாவது கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால் தைரியமா வாங்கலாம். ஆப் ஒருநாள் போனாலும், வசதி உங்ககூடத்தான் இருக்கும்.