டில்லி போடும் திட்டமும் நீவாக் கரையின் குடிநீரும்

சித்தூரிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது கங்காதர நெல்லூர். பேச்சு வழக்கில் ஜி.டி. நெல்லூர். 1911-ல் சித்தூர் ஜில்லா தனியாக அமைக்கப்படும் வரை இந்தப் பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை ராஜ்யத்திற்குச் சென்றது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. எல்லைக் கல் நகர்ந்தாலும் தண்ணீரின் போக்கு மாறவில்லை. சித்தூரைத் தொட்டுச் செல்லும் நீவா, பொன்னையாற்றில் சேருகிறது; பொன்னை, பாலாற்றில் சேருகிறது. இங்கே பெய்யும் மழை ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரிகளுக்குப் போகிறது.

இந்தப் பகுதியில் கோடையில் டாங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்பது புதிய காட்சியல்ல. தேசிய வளர்ச்சித் திட்டத்தில் தண்ணீருக்கென்று டில்லியில் ஒரு தனி அமைச்சகமே இருக்கிறது. அந்த அமைச்சகத்தின் திட்டம் இந்தக் குடங்கள் வரை எப்படி வந்து சேருகிறது? எந்த இடத்தில் நின்று போகிறது? இதைத் தெரிந்து கொள்வது அன்றாடம் தண்ணீருக்கு அலைபவர்களுக்கு அவசியம்.

கமிஷன் போனது, அமைச்சகம் வந்தது

1950-ல் திட்டக் கமிஷன் ஏற்பட்டது. 1951-ல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் விவசாயத்திற்கும் நீர்ப்பாசனத்திற்கும் முதலிடம் தந்தது. பக்ரா, ஹிராகுட் அணைகள் எழுந்தன. 1955 டிசம்பரில் நாகார்ஜுன சாகருக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அந்த நாட்களில் ஒரு ராஜ்ய சர்க்கார் பெரிய அணை கட்ட விரும்பினால், அதன் கணக்கை மத்திய நீர்வளக் கமிஷன் சரிபார்க்கும். முதலீட்டிற்குத் திட்டக் கமிஷன் அனுமதி தரும். இலாகா ஒரு பக்கம், கமிஷன் ஒரு பக்கம் என்று இரண்டு கதவுகள் இருந்தன.

2015 ஜனவரி முதல் தேதி திட்டக் கமிஷனின் இடத்தில் நிதி ஆயோக் வந்தது. நிதி ஆயோக் ஆலோசனை சொல்லும் அமைப்பு; ராஜ்யங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு பதின்மூன்றாவது திட்டம் வரவில்லை. பட்ஜெட்டில் திட்டச் செலவு, திட்டம் சாராத செலவு என்ற பிரிவும் 2017-18-ல் போய்விட்டது. பாசனத் திட்டங்களுக்கு முதலீட்டு அனுமதி தரும் வேலை நீர்வள அமைச்சகத்திடமே வந்து சேர்ந்தது.

அதாவது, முன்பு திட்டத்திற்குள் அமைச்சகம் இருந்தது. இப்போது அமைச்சகத்தின் ஸ்கீம்தான் திட்டமாக இருக்கிறது. 2019 மே மாதத்தில் நீர்வள அமைச்சகமும், குடிநீர் மற்றும் சுகாதார அமைச்சகமும் ஒன்றாக இணைக்கப்பட்டு ஜலசக்தி அமைச்சகம் உருவானது. கஜேந்திர சிங் ஷெகாவத் அதன் முதல் மந்திரி. ஆறு, அணை, நிலத்தடி நீர், வீட்டுக் குழாய் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன.

அதிகாரம் எவ்வளவு?

ஒரே கூரை என்றாலும் அதன் கீழ் உள்ள அதிகாரம் முழுமையானதல்ல. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தண்ணீர் ராஜ்யப் பட்டியலில் 17-வது இனமாக இருக்கிறது. ராஜ்யங்களுக்கிடையே ஓடும் நதிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டும் மத்தியப் பட்டியலின் 56-வது இனத்தில் வருகிறது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த 1956-லேயே நதி வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின்படி எந்தப் பெரிய நதிக்கும் வாரியம் அமைக்கப்படவில்லை. அதே ஆண்டு வந்த நதி நீர்த் தகராறுச் சட்டம்தான் பயன்பட்டது. ஆகவே நதிகளின் எதிர்காலம் திட்டக்காரர்களின் மேஜையைவிட நடுவர் மன்றங்களிலேயே அதிகம் தீர்மானிக்கப்பட்டது.

கிருஷ்ணா நதியில் 75 சதவிகித நம்பகத்தன்மையில் கிடைக்கும் 2,060 டி.எம்.சி. தண்ணீரை பச்சாவத் நடுவர் மன்றம் பங்கிட்டபோது மகாராஷ்டிரத்திற்கு 560, கர்நாடகத்திற்கு 700, ஆந்திரத்திற்கு 800 என்று கணக்கிட்டது. அதற்கு மேல் வரும் உபரி நீரை ஆந்திரம் பயன்படுத்திக் கொள்ளலாம் என்றும் கூறியது. ஆனால் அந்த உபரியில் உரிமை கொண்டாட முடியாது.

ராயலசீமையின் பெரிய திட்டங்கள் பலவும் இந்த உபரியை நம்பித்தான் நிற்கின்றன. ஹந்திரி-நீவா அவற்றில் ஒன்று. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தின் பின்புறமுள்ள மால்யாலாவிலிருந்து 40 டி.எம்.சி. வெள்ள நீரை மேடேற்றி, கர்நூல், அனந்தப்பூர், கடப்பை, சித்தூர் பகுதிகளில் சுமார் 6 லட்சம் ஏக்கருக்குப் பாசனமும் குடிநீரும் தருவது இதன் நோக்கம். என்.டி. ராமராவ் காலத்தில் பேசப்பட்ட இத்திட்டத்தில் 2004-க்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. 2025 ஆகஸ்டில் குப்பம் வரை தண்ணீர் கொண்டு செல்லப்பட்டது. தென்மேற்குக் கோடி வரை கால்வாய் போயிருப்பது நல்ல செய்தியே. ஆனால் திட்டத்தின் பெயரில் பாதியைக் கொடுத்த நீவாவின் கரைக் கிராமங்கள் இன்னமும் மழையையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பித்தான் இருக்கின்றன.

2014-ம் ஆண்டு ஆந்திரப் பிரிவினைச் சட்டத்தின் 11-வது அட்டவணையில் ஹந்திரி-நீவா, தெலுங்கு கங்கை, காலேரு-நகரி ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் எப்போதும் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதியைச் சட்டம் தந்துவிடவில்லை. மழை குறைந்த ஆண்டில் உபரி இல்லை. உபரி இல்லாத ஆண்டில் கால்வாய் இருந்தும் பயனில்லை.

குழாய்க் கணக்கு

அமைச்சகத்தின் கை நேராக வீட்டு வாசல் வரை நீளுவது குடிநீரில்தான். கிராமக் குடிநீருக்கு மத்திய சர்க்கார் பணம் தருவது 1972-73-ல் தொடங்கியது. 1986-ல் தொழில்நுட்ப மிஷன் என்றும், பிறகு வேறு பெயர்களிலும் அது தொடர்ந்தது. 2019 ஆகஸ்டு 15-ந் தேதி ஜல் ஜீவன் மிஷன் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் சுமார் 19 கோடி கிராமக் குடும்பங்களில் 3 கோடியே 23 லட்சம் வீடுகளில்தான் குழாய் இருந்தது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பீடு. அதில் மத்திய சர்க்காரின் பங்கு 2 லட்சத்து 8 ஆயிரம் கோடி. ஆந்திரம், தமிழ்நாடு போன்ற பெரிய ராஜ்யங்கள் பாதிக்குப் பாதி போட வேண்டும்.

ஐந்தரை ஆண்டுகளில் 15 கோடி வீடுகளுக்குக் குழாய் போயிருப்பதாக 2025 பிப்ரவரி பட்ஜெட் உரை கூறியது. இந்த வேகம் சாதாரணமானதல்ல. ஆனால் அந்த வரிசையில் ஆந்திரம் தேசிய சராசரிக்குக் கீழேயும் தமிழ்நாடு அதற்கு மேலேயும் இருந்தன. ஒரே அமைச்சகம், ஒரே விதிமுறை. அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? பாதிப் பங்கை ராஜ்யம் போட்டால்தான் மறுபாதி டில்லியிலிருந்து வரும். கஜானா வறண்ட ராஜ்யத்தில் குழாயும் வறண்டுதான் இருக்கும். பணக்கார ராஜ்யத்திற்கும் கடன்பட்ட ராஜ்யத்திற்கும் ஒரே அளவுகோல் என்பது பார்வைக்கு நியாயம், பலனில் அநியாயம்.

டில்லியின் கையும் சில சமயம் சுருங்கிவிடுகிறது. 2024-25 பட்ஜெட்டில் இந்த மிஷனுக்கு ஒதுக்கப்பட்டது 70,163 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டுக்கு 67,000 கோடி என்று அறிவித்து, மிஷனை 2028 வரை நீட்டிப்பதாகவும் நிதி மந்திரி கூறினார். இடைப்பட்ட மாதங்களில் பள்ளம் தோண்டிய தெருவும், பில் வராத காண்டிராக்டரும், மேலே ஏறாத நீர்த்தொட்டியும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலும் பணம் தாமதமானதுண்டு. ஆனால் ஐந்து ஆண்டுக்கு இவ்வளவு என்ற வாக்கு ஒன்று எழுத்தில் இருந்தது. ஆண்டுதோறும் மாறும் ஸ்கீமுக்கு அந்த உறுதி கிடையாது.

ஊற்று எங்கே?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குழாயை எண்ணலாம், தண்ணீரை எங்கிருந்து கொண்டு வருவது? சித்தூர்ப் பகுதியில் நிலக்கடலையும் மாந்தோப்பும் கரும்பும் ஆழ்குழாய்க் கிணறுகளால்தான் பிழைக்கின்றன. ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புழுதி வந்த கதைகளை இங்கு எந்தக் கிராமத்திலும் கேட்கலாம். அதே நிலத்தடி நீரை நம்பிக் குடிநீர்க் குழாய் போட்டால், வயல் மோட்டாரும் ஊர்த் தொட்டியின் மோட்டாரும் ஒரே ஊற்றுக்குப் போட்டி போடும். கோடையில் இரண்டும் தோற்கும்.

நிலத்தடி நீரைக் காக்க அமைச்சகம் 2019 டிசம்பரில் அடல் பூஜல் திட்டத்தைத் தொடங்கியது. 6,000 கோடி ரூபாய். பாதி உலக வங்கிக் கடன். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை குஜராத், ஹரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு ராஜ்யங்கள். ராயலசீமையும் வட ஆற்காடும் அந்தப் பட்டியலில் இல்லை. குழாய்க்கு ஒரு ஸ்கீம், ஊற்றுக்கு வேறொரு ஸ்கீம். முன்னது வந்த ஊருக்குப் பின்னது வரவில்லை. இரண்டு அமைச்சகங்களை ஒன்றாக்கியது எதற்காகவோ, அந்த நோக்கம் இங்கே பழுதாகிறது.

ஜில்லாவிற்கே வெளியிலிருந்து குடிநீர் கொண்டுவரும் யோசனையும் புதிதல்ல. கிரண்குமார் ரெட்டி முதல் மந்திரியாயிருந்தபோது கண்டலேறு நீரைச் சித்தூர் ஜில்லாவிற்குக் கொண்டு வர 7,390 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டது. அது நிறைவேறவில்லை. ஆட்சி மாறும்போது திட்டமும் மாறுவதைத் தடுக்கும் அமைப்பு இன்று எங்கும் இல்லை.

கீழ்க்கரையும் கேட்கும்

தண்ணீர் இல்லாத ஆண்டில் மட்டுமல்ல, மிதமிஞ்சி வரும் ஆண்டிலும் திட்டம் தேவை. 2021 நவம்பர் மழையில் நீவாவும் பொன்னையும் கரை புரண்டன. அடுத்த மாதம் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலம் பழுதடைந்து, சென்னை-காட்பாடி மார்க்கத்தில் பல ரயில்கள் ரத்தாயின. அந்த வெள்ளத்தைச் சித்தூர்ப் பக்கத்து ஏரிகளில் தேக்கியிருந்தால் இரு கரைக்கும் லாபம். ஆனால் மேலே தேக்கினால் கீழே வராது என்ற பயம் பாலாற்று விவசாயிக்கு உண்டு. குப்பம் அருகே கணேசபுரத்தில் ஆந்திரம் அணை கட்ட முற்பட்டபோது, 1892-ம் ஆண்டு ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு 2006-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது.

கோர்ட்டுக்குப் போகாமலும் தீர்வு காண முடியும் என்பதற்குத் தெலுங்கு கங்கை சாட்சி. 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்தன. 1983-ல் ராமராவும் எம்.ஜி.ஆரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1996-ல் கிருஷ்ணா நீர் தமிழக எல்லையைத் தொட்டது. அந்தக் கால்வாய் வழியில் ராயலசீமையும் நெல்லூரும் பயன் பெற்றன. திருப்பதியும் அதே நீரைக் குடிக்கிறது. கொடுத்தவனும் குடித்தான், அதனால் ஒப்பந்தம் நிலைத்தது.

கே.எல். ராவ் 1972-ல் சொன்ன கங்கை-காவேரி இணைப்பு முதல், 1980-ம் ஆண்டு தேசியத் தொலைநோக்குத் திட்டம் வரை பெரிய வரைபடங்களுக்குக் குறைவில்லை. 2022 பட்ஜெட்டில் கிருஷ்ணா-பெண்ணாறு, பெண்ணாறு-காவேரி உள்பட ஐந்து இணைப்புகளின் வரைவு அறிக்கை தயார் என்று கூறப்பட்டது. பெண்ணாற்றுச் சோமசிலாவிலிருந்து கல்லணை நோக்கி வரும் அந்தக் கால்வாய், சித்தூர்ப் பகுதியையும் தொட்டுச் செல்லும்படி வகுக்கப்பட்டது. ராஜ்யங்கள் சம்மதித்தால் உதவி உண்டு என்பதே நிபந்தனை. அந்தச் சம்மதத்தை உண்டாக்குவதுதான் அமைச்சகத்தின் முதல் வேலை. அறிக்கை எழுதுவது அதற்கு அடுத்தது.

செய்ய வேண்டியது

ஆகவே அமைச்சகத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. பாறை நிலமும் வற்றிய கிணறும் உள்ள ஜில்லாக்களில் குழாய்க்கு முன் ஊற்றுக்குப் பணம் தர வேண்டும். ஏரி தூர் வாருவதும் குடிநீர்த் திட்டத்தின் செலவாகவே கருதப்பட வேண்டும். பாதிப் பங்கு போட முடியாத ராஜ்யத்தின் வறண்ட பகுதிகளுக்கு மத்தியப் பங்கை உயர்த்த வேண்டும். பாலாற்றுப் படுகைக்கு ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் ஒப்புக்கொள்ளும் ஒரு நீர்க்கணக்கைத் தயாரிக்க வேண்டும். மூன்றாவதற்குப் பணம்கூட அதிகம் தேவையில்லை.

இங்கு வாழும் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மிஷன் விதிகளின்படி ஒவ்வொரு ஊரிலும் குடிநீர்க் குழு அமைய வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும். ஊருக்குள் ஆகும் மூலதனச் செலவில் மக்கள் 10 சதவிகிதம் தர வேண்டும். ஹரிஜன, ஆதிவாசி மக்கள் பாதிக்கு மேல் வசிக்கும் ஊர்களில் 5 சதவிகிதம் போதும். தனித் தொகுதியான கங்காதர நெல்லூரில் இந்த விதி பல ஊர்களுக்குப் பொருந்தக்கூடியது. 15-வது நிதிக் கமிஷன், கிராமப் பஞ்சாயத்துகளுக்கான மானியத்தில் 60 சதவிகிதத்தை நீருக்கும் சுகாதாரத்திற்குமே செலவிட வேண்டும் என்று 2021 முதல் 2026 வரை கட்டி வைத்தது. அந்தப் பணம் எந்தத் தொட்டிக்குப் போயிற்று என்று கேட்கும் இடம் கிராம சபை.

கணக்குத் தெலுங்கில் இருக்கிறது, நமக்கென்ன என்று ஒதுங்குவது வழக்கமாகிவிட்டது. பள்ளியில் தெலுங்கு படிக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கை வாசித்துவிடலாம். வேலைக்கு வந்த ஊரானாலும், குடத்தோடு வரிசையில் நிற்பவருக்கு அந்த ஊரின் தண்ணீர்க் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. டில்லியின் திட்டம் எவ்வளவு பெரியதாயினும், அதன் கடைசிப் பக்கம் பஞ்சாயத்து ஆபீஸ் நோட்டீஸ் பலகையில்தான் ஒட்டப்படுகிறது.