பிரசவமும் பெண்ணின் சம்மதமும்

பத்திராதிபர் அவர்களுக்கு,

தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் நம் ராஜ்யத்துப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்ந்தன என்பது சந்தோஷமான செய்திதான். ஆயினும், எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதத்தில் முதற் பரிசோதனை, ஸ்கேனுக்குப் போவதா வேண்டாமா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த எண் விடை கூறாது.

தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டாரத்துத் திண்ணைகளில், நிறைமாதத்திலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்ணிடம் கிராம சுகாதாரச் செவிலியர் ஏதேனும் கேட்டால், இலை நறுக்கும் கை நிற்காமலே, “அத்தை வரட்டும், கேட்டுச் சொல்லுதேன் நர்சம்மா” என்று பதில் வருகிறது. குடும்பத்துக்கு உழைத்துச் சம்பாதிக்கிற ஸ்திரீக்குத் தன் சரீரத்தைப் பற்றிச் சொல்ல அதிகாரமில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ.18,000 பெறுமானத்தில், கர்ப்பிணியின் பெயரிலேயே அரசு வழங்குவது உத்தமமான ஏற்பாடு. ஆனால் பாஸ்புத்தகம் யார் பெட்டியில் இருக்கிறது? இப்படிப் பிறர் அனுமதிக்குக் காத்திருக்கையில், இரத்தசோகை போன்ற உபாதைகள் சிகிச்சைத் தாமதத்தினால் முற்றுகின்றன. அந்தத் தாமதம் பெரும்பாலும் வாசற்படிக்கு உள்ளேயே நேர்கிறது.

ஆகவே, கர்ப்பிணியிடம் தனித்துப் பேசி அவள் அபிப்பிராயத்தை அறிவதையும், கணவரையும் மாமியாரையும் பரிசோதனை தினத்தன்று அழைத்து விளக்குவதையும், நம் மாவட்டத்துச் சுகாதார அதிகாரிகள் நிரந்தரமான நியமமாக்க வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
தென்காசி