மின்சார பிக்கப் வண்டிக்கு ஸ்டெப்னி வேண்டாமா?

ஒரு வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது ஒரு வண்டி. ஆனால் சக்கரத்தில் ஒரு ஆணி குத்திவிட்டால், அந்த வண்டி நடுரோட்டில் நின்றுவிடுகிறது!

இது விடுகதை அல்ல. அமெரிக்காவில் ஓடும் மின்சார பிக்கப் வண்டியின் கதை.

பிக்கப் என்பது முன்னால் ஆட்களும், பின்னால் சரக்கும் ஏற்றும் வண்டி. அமெரிக்காவில் விவசாயி, தச்சர், கட்டிட மேஸ்திரி எல்லோரும் விரும்பி வாங்குவது அதைத்தான். பெட்ரோலில் ஓடிய பிக்கப், பாட்டரியில் ஓடத் தொடங்கியது. 2021-ல் ரிவியன் ஆர்1டி வந்தது. 2022-ல் போர்டு எப்-150 லைட்னிங் வந்தது. 2023 நவம்பர் கடைசியில் டெஸ்லாவின் சைபர்டிரக் வந்தது.

மின்சாரம் நின்றுபோன வீட்டுக்கு 11.5 கிலோவாட் வரை கொடுக்கக்கூடியது சைபர்டிரக். வந்த வருடத்தில் அதன் விலை ஏறக்குறைய 80 ஆயிரம் டாலர். அவ்வளவு விலை கொடுத்தும், ஸ்டெப்னி அதோடு வரவில்லை. வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரிவியன் வண்டியின் பின்பெட்டிக்கு அடியில் முழு ஸ்டெப்னி வைக்க இடம் உண்டு. ஆனால் ஸ்டெப்னிக்குத் தனி விலை. லைட்னிங் வண்டியில் மட்டும், பழைய பிக்கப் போலவே, அடியில் முழு ஸ்டெப்னி மாட்டப்பட்டு வந்தது.

பெயர் வந்த கதை

மாற்றுச் சக்கரத்துக்கு "ஸ்டெப்னி" என்ற பெயர் எப்படி வந்தது?

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஒரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் தொழில் நடத்தினார்கள். அந்தக் காலத்து மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. சாலையிலோ குதிரை லாடத்தின் ஆணிகள் கிடக்கும். பஞ்சர் ஆனால், அந்த இடத்திலேயே உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டும். இந்தத் தொல்லைக்கு 1904-ல் சகோதரர்கள் வழி கண்டார்கள். காற்றடித்த டயரோடு கூடிய மாற்று ரிம்மைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தப் பெயர் கடல் கடந்து தமிழ்நாட்டு ஒர்க்ஷாப் வரை வந்துவிட்டது.

120 ஆண்டுகளுக்கு முன்பு வந்த அந்த வசதியைத்தான், இன்றைய புதிய வண்டியில் எடுத்துவிடுகிறார்கள்.

காரணம் என்ன?

எடை குறையும், செலவு குறையும், இடம் மிச்சமாகும். கம்பெனிகள் சொல்லும் காரணம் இதுதான். பெட்ரோல் கார்களிலும் இதே காரணத்தைச் சொல்லித்தான் ஸ்டெப்னியைக் குறைத்தார்கள்.

சிறிய காருக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். மின்சார பிக்கப்புக்குப் பொருந்துமா?

சைபர்டிரக் ஏறக்குறைய 3,000 கிலோ. ரிவியன் அதைவிடக் கனம். ஜி.எம்.சி. ஹம்மர் மின்சார பிக்கப் 4,000 கிலோவைத் தாண்டுகிறது. அதன் பாட்டரி மட்டுமே 1,300 கிலோ!

இத்தகைய வண்டிக்கு ஒரு முழு ஸ்டெப்னி 40 கிலோ இருக்கும். 3,000 கிலோவில் 40 கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போன்றது இது.

"கூப்பிட்டால் உதவி வரும்"

"பஞ்சர் என்ன, தினமுமா ஆகிறது? போனில் கூப்பிட்டால் உதவி வண்டி வந்துவிடுமே!" என்று சிலர் கேட்கிறார்கள்.

நகரத்தில் அது சரி. நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்றால், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பிக்கப் எங்கே போகிறது? பண்ணைக்கும், காட்டுக்கும், வீடு கட்டும் இடத்துக்கும் போகிறது. ஆணியும் கல்லும் கிடக்கிற இடங்கள் அவை.

நெவாடா மாநிலத்தில் 50-ம் எண் நெடுஞ்சாலை இருக்கிறது. 1986-ல் "லைப்" பத்திரிகை அதை "அமெரிக்காவிலேயே தனிமையான சாலை" என்று அழைத்தது. அங்கே ஆஸ்டின் என்ற சிற்றூரை விட்டால், அடுத்த ஊரான பாலன் 110 மைல் தள்ளி இருக்கிறது. நடுவில் பல இடங்களில் செல்போன் பேசாது. அங்கே டயர் கிழிந்தால் யாரைக் கூப்பிடுவது?

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை 414 மைல் நீளம். பெரும்பாலும் சரளைக்கல் சாலை. அங்கே போகிறவர்கள் ஒன்றல்ல, இரண்டு முழு ஸ்டெப்னி கொண்டுபோக வேண்டும் என்று அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறையே அறிவுரை சொல்கிறது.

உதவி வண்டி வந்தாலும், எந்த வண்டியும் உதவாது. மின்சார வண்டியின் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகக்கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும், மின்சாரம் உற்பத்தியாகும், கருவிகள் கெட்டுப்போகும். நான்கு சக்கரங்களும் மேலே ஏறும்படி, தட்டையான மேடை கொண்ட லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலும் தொல்லை தீராது. வண்டியின் கனத்தைத் தாங்கும் அந்த அளவு டயர் எல்லாக் கடையிலும் இருக்காது.

பாட்டில் மருந்து போதுமா?

ஸ்டெப்னிக்குப் பதிலாக, சில வண்டிகளில் ஒரு பாட்டில் திரவமும் காற்றடிக்கும் சிறிய மெஷினும் கொடுக்கிறார்கள். டயர் தரையில் பதியும் இடத்தில் சிறிய ஓட்டை விழுந்தால், அந்தத் திரவம் அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் எதுவும் செய்யாது. சில ஆண்டுகளில் திரவத்துக்கு ஆயுளும் முடிந்துவிடும்.

டயரில் காற்று நாலில் ஒரு பங்கு குறைந்தால், எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் விளக்கு எச்சரிக்கும். சக்கரத்தை மாற்றித் தராது.

வாங்கியவர் செய்ய வேண்டியது

கம்பெனி கொடுக்காவிட்டால், வாங்கியவர்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், அதே அளவுள்ள முழு ஸ்டெப்னி ஒன்று வாங்க வேண்டும். டயர் தாங்கும் எடையும் பொருந்த வேண்டும். டயரில் 116 என்ற எண் இருந்தால் 1,250 கிலோ தாங்கும் என்று பொருள். கார் டயரை இதில் மாட்டுவது ஆபத்து.

இரண்டாவது, வண்டியின் கனத்துக்கு ஏற்ற ஜாக்கி. அதைக் குறித்த இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். அடியில் முழுவதும் பாட்டரி. தப்பான இடத்தில் ஜாக்கி வைத்தால், பஞ்சர் செலவு பாட்டரிச் செலவாகிவிடும்! காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், தூக்குவதற்கு முன் திரையில் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

மூன்றாவது, காற்றடிக்கும் மெஷின். ரிவியன் டயருக்கு 48 பவுண்டு காற்று வேண்டும். பொம்மை போன்ற மெஷின் அதற்குள் சூடாகிவிடும்.

நான்காவது, ஒத்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி இருந்தால், சரக்கை இறக்கினால்தான் அதை எடுக்க முடியும் என்பது அப்போதுதான் தெரியும். இருட்டில், மழையில், குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

யார் பொறுப்பு?

இது அமெரிக்காக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. எச்சரிக்கைக் கருவியும், பஞ்சர் சாமான்களும் உள்ள ட்யூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று 2020-ல் இந்தியாவிலும் விதி வந்துவிட்டது.

பாட்டரி வண்டி வரட்டும். புகை குறையட்டும். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சம் பிடிப்பது கம்பெனி, நடுவழியில் நிற்பது வண்டிக்காரர் என்ற ஏற்பாடு நியாயம் அல்ல. உழைக்கிற வண்டி என்று விளம்பரம் செய்து விற்கும்போது, ஸ்டெப்னியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் விலையைக் குறைத்து வாங்கிக்கொள்ளட்டும். அதுதான் நேர்மையான வியாபாரம்.